குழாய்க்குள் வளரும் கல்

சென்ற ஆண்டு தவக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு காலைப்பொழுது. நமது அறைவீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்தால் நீர் நூலாக இறங்கியது. இரண்டு நாளில் அந்த நூலும் அறுந்தது. மொட்டைமாடித் தொட்டியிலோ நீர் விளிம்புவரை நின்றது. உபதேசியார் வால்வில் கோளாறு என்றார். கோயில்பிள்ளை, தொட்டியில் அணில் விழுந்து அடைத்திருக்கும் என்றார். பிளம்பர் வந்து, சுவரையொட்டி ஓடிய பழைய ஜி.ஐ. குழாயில் முக்கால் அடி நீளத்தை அறுத்தெடுத்து நமது மேசைமேல் வைத்தார். கட்டைவிரல் நுழையவேண்டிய துளையில் ஒரு பென்சில்கூட நுழையவில்லை. உள்ளே மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல, வெள்ளையும் பழுப்புமாகக் கல் வளர்ந்திருந்தது.

“சாமி, இது இருபது வருஷத்துத் தண்ணி” என்றார் அவர்.

அந்தத் துண்டை நாம் எறிந்துவிடவில்லை. வீடு சந்திப்புக்குச் செல்லும்போது பையில் போட்டுக்கொண்டு போய்ப் பலருக்கும் காட்டினோம். காட்டிய இடமெல்லாம் ஒரு கதை கிடைத்தது. ஒரு வீட்டில் பதினான்கே மாதத்தில் கீசர் எரிந்துபோயிருந்தது. இன்னொரு வீட்டில் துவைப்பு இயந்திரம் நீர் எடுக்க மறுத்தது. மூன்றாவது வீட்டில் கண்டதுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அதைப் பிறகு சொல்கிறோம். வீட்டு வரவுசெலவில் “ரிப்பேர்” என்ற பெயரில் மாதந்தோறும் கரையும் பணத்தில் ஒரு பெரும்பங்கு, நாம் கண்ணால் காணாத இந்தக் கல்லுக்கே போகிறது என்பதைப் பல குடும்பங்கள் அறியாதிருக்கின்றன.

கல் எங்கிருந்து வருகிறது?

மழை பெய்யும்போது அது கல்லைக் கொண்டு வருவதில்லை. மழைநீர் மிக மென்மையானது. ஆனால் வானிலிருந்து இறங்கும் வழியிலேயே காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது கரைத்துக்கொள்கிறது. மண்ணுக்குள் புகுந்ததும், வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சிலிருந்து மேலும் அதிகமாகக் கரைத்துக்கொள்கிறது. இதனால் அது மெல்லிய அமிலமாகிறது. சோடாப் புட்டியில் இருப்பதும் இதே அமிலம்தான். இந்தப் புளித்த நீர் சுண்ணாம்புக்கல்லின் மீது பாயும்போது கல்லைச் சிறுகச் சிறுகக் கரைத்து, கால்சியம் பைகார்பனேட்டாகத் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. மக்னீசியமும் இவ்வாறே வந்து சேருகிறது. இவ்விரண்டும் மிகுந்த நீரையே பாடநூல்கள் கடின நீர் என்கின்றன.

நாம் பணியாற்றும் அரியலூர்ப் பக்கத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலம் கடலுக்கு அடியில் கிடந்தது. சுருள் சுருளான கடல் உயிரினங்களின் கல்லுருவங்கள் இன்றும் இங்கு ஓடைக்கரைகளிலும் சுரங்கக் குழிகளிலும் கிடைக்கின்றன. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லை நம்பியே டால்மியாபுரத்திலும் அரியலூரிலும் சிமெண்ட் ஆலைகள் எழுந்தன; அரியலூரின் அரசு சிமெண்ட் ஆலை 1979-இல் தொடங்கியது. ஆலைக்குச் செல்வமான அதே கல்தான் வீட்டுக் குழாய்க்கு வினையாகிறது. ஆனால் சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருந்தால்தான் கடின நீர் வரும் என்று எண்ணவேண்டாம். கிணறு வெட்டும்போது மண்ணோடு மண்ணாக வெண்ணிறச் சுக்கான்கல் வருகிறதல்லவா? அதுவே போதும். ஆழ்துளைக் கிணறு ஆழமாகப் போகப்போக, நீர் பாறையோடு பழகும் காலமும் நீளுகிறது. எவ்வளவு காலம் பழகுகிறதோ அவ்வளவு கரைக்கிறது. இதனால்தான் கோவை நகரத்தார் சிறுவாணி நீரை ஒரு குடத்திலும் ஆழ்துளைக் கிணற்று நீரை வேறு குடத்திலும் பிடித்துவைத்துப் பழகியிருக்கிறார்கள். மலைக்காட்டு மழையாகப் பெய்து, கரையாத பாறைமேல் விரைந்தோடி வரும் நீர் மென்மையாகவும், நிலத்தின் அடியில் ஆண்டுக்கணக்கில் கிடந்த நீர் கடினமாகவும் இருப்பது இயல்பே.

நம் மக்கள் இவ்வகை நீர் எல்லாவற்றையும் “உப்புத் தண்ணீர்” என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். இதில் ஒரு குழப்பம் உண்டு. நாவில் கரிக்கும் நீரில் மிகுந்திருப்பது பெரும்பாலும் நாம் சோற்றில் இடும் உப்பே. அது குழாயில் கல்லாகப் படிவதில்லை. நாவுக்கு இனிதாகவே இருக்கும் நீர் மிகக் கடினமாக இருக்கக்கூடும். நாக்கு இதற்குச் சரியான நீதிபதி அன்று. சவர்க்காரத்தைக் கேட்டால் உண்மை தெரியும். வெள்ளைச் சோப்பை நீரில் தேய்த்து நுரை எழாமல், தயிர் திரிந்தாற்போல் திப்பி திப்பியாக மிதந்தால் அது கடின நீர். சோப்பு முதலில் கால்சியத்தோடு சேர்ந்து வீணாகிறது. கால்சியம் தீர்ந்த பிறகே அழுக்கோடு சேருகிறது. கழுத்துப்பட்டியில் சாம்பல் நிறம் ஏறுவதும், குளித்த பின் தலைமயிர் பசை பிடித்தாற்போல் இருப்பதும் அந்தத் திப்பியாலேயே.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு வகுத்த அளவுகளின்படி, ஒரு லிட்டர் நீரில் கடினத்தன்மை 200 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லாதபோது 600 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கட்டணம் செலுத்தினால் நீரைச் சோதித்துச் சொல்கிறார்கள். நமது கோயில் கிணற்று நீரைக் கொடுத்துச் சோதித்தோம்; அந்த 600-க்குச் சற்றே கீழே நின்றது. கோயில் வாயிலில் உள்ள தீர்த்தத் தொட்டியின் விளிம்பில் எவ்வளவு தேய்த்தாலும் ஏன் மீண்டும் மீண்டும் வெண்வளையம் கட்டுகிறது என்பது அன்றுதான் நமக்குப் புரிந்தது.

சூடேறினால் கல்லாகும்

சர்க்கரை வெந்நீரில் நன்றாகக் கரையும்; இது யாவரும் அறிந்தது. சுண்ணம் இதற்கு நேர்மாறு. நீர் சூடேறும்போது அதில் அடங்கியிருந்த கரியமில வாயு பறந்துவிடுகிறது. வாயு போனதும், அதன் துணையால் கரைந்திருந்த சுண்ணம் நீரில் நிற்கமாட்டாமல் வெண்பொடியாகப் பிரிந்து, சூடு மிகுந்த இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. இட்லிப் பானையின் அடியில் படியும் வெண்மை இதுவே. பருப்பு வேகாத கதையும் இதையொட்டியதே: நீரிலுள்ள கால்சியம் பருப்பின் தோல்களையும் அறைகளையும் பிணைத்திருக்கும் பசையை இறுக்கிவிடுகிறது. பாட்டிமார் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டார்கள் என்றால் காரணம் இல்லாமல் அன்று.

கொதிக்கவைத்தால் பிரியும் இந்த வகையைத் தற்காலிகக் கடினத்தன்மை என்பர். சல்பேட்டாகவும் குளோரைடாகவும் கரைந்திருப்பது கொதித்தாலும் போகாது. அது நிரந்தரக் கடினத்தன்மை. வீட்டுச் சாதனங்களுக்குப் பெரும்பகைவன் முதல் வகையே.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் தற்காலிகக் கடினத்தன்மை உள்ள நீரை ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 100 லிட்டர் சூடாக்குகிறது என்று கொள்வோம். அதில் கரைந்திருக்கும் சுண்ணம் 30 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே கீசருக்குள் படிந்தாலும் நாளுக்கு 3 கிராம். ஆண்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல். கீசரைத் திறந்து மெக்கானிக் வாளியில் கொட்டும் வெள்ளைச் சில்லுகளைக் கண்டவர்கள் இந்தக் கணக்கை மிகை என்று சொல்லமாட்டார்கள்.

படிந்த கல் என்ன செய்கிறது? அது வெப்பத்தைக் கடத்துவதில் மிகச் சோம்பேறி. செம்போடு ஒப்பிட்டால் அதன் கடத்துதிறன் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கல்போர்வை போர்த்திய வெப்பச்சுருள் தன் சூட்டை நீருக்குக் கொடுக்க இயலாமல் தானே கொதித்து, ஒருநாள் வெடித்துக் கருகிவிடுகிறது. இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். கல் படிந்தால் மின்கட்டணம் இருமடங்காகும் என்று விளம்பரங்கள் அச்சுறுத்துவது மின்கீசரைப் பொறுத்தவரை பெரும்பாலும் மிகை. சுருள் நீருக்குள்ளேயே மூழ்கியிருப்பதால் அதன் சூடு தாமதமாகவேனும் நீருக்கே வந்து சேரும். சுருளின் ஆயுள்தான் அங்கே நஷ்டம். வெளியிலிருந்து தீ எரியும் பாத்திரத்திலும், எரிவாயுக் கீசரிலும் நிலைமை வேறு. அங்கே நீருக்குள் போகாத சூடு காற்றில் போய்விடும். சூரிய வெப்பக் கீசர்களில் தகட்டு வகையினுள் உள்ள மெல்லிய செம்புக் குழாய்கள் ஒவ்வொன்றாக அடைத்துப்போகும். கடின நீர் உள்ள ஊரில் அவ்வகையை வாங்க நினைப்போர், வெப்பமாற்றி பொருத்தியதுதானா என்று கேட்டு வாங்குதல் நலம்.

அந்த மூன்றாவது வீடு

இளம் தம்பதியர், ஒரு குழந்தை, கணவரின் தாயார். குளியலறைக்குள் நமது குழாய்த் துண்டோடு பிளம்பரும் உடன் வந்திருந்தது இறைவன் செயல் என்றே கருதுகிறோம். அவர் கீசரை அண்ணாந்து பார்த்தவர், அப்படியே கையை நீட்டிச் சுவிட்சை அணைத்தார். “இதை யார் செஞ்சது?” என்றார்.

கீசரின் அடியில், குளிர்ந்த நீர் உள்ளே செல்லும் குழாயில், ஒரு சிறு பித்தளை வால்வு இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு சிறு வாய். அந்த வாயில் மரக்கட்டையைச் செருகி, அதன்மேல் டேப் சுற்றியிருந்தது.

“சொட்டிக்கிட்டே இருந்துச்சு சாமி. தரையெல்லாம் பாசி. அம்மா வழுக்கி விழுந்துடப்போறாங்கன்னு நான்தான் அடைச்சேன்” என்றார் கணவர். தாயின்மேல் உள்ள அக்கறையால் செய்தது; அவரைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை.

அந்த வால்வின் வேலை யாதெனில், நீர் சூடேறி விரியும்போது மிகும் அழுத்தத்தை வெளியேற்றுவது. சூடாகும் நேரத்தில் சில துளிகள் சொட்டுவது அதன் கடமை, கோளாறு அன்று. கடின நீரில் அதன் இருக்கையில் ஒரு சுண்ணத் துணுக்குச் சிக்கிக்கொண்டால் ஓயாமல் சொட்டும்; அல்லது சுண்ணமே பசைபோல் கட்டிக்கொண்டு திறக்க மறுக்கும். இரண்டாவது நிலையே கொடியது. சூட்டை நிறுத்தவேண்டிய தெர்மோஸ்டாட்டும் ஒருநாள் பழுதானால், பின்னால் திரும்ப வழியில்லாத நீர், கொதிநிலையைக் கடந்து, மூடிய தொட்டிக்குள் அழுத்தமாய் ஏறும். அப்போது கீசர் ஒரு வெடிகுண்டுக்குச் சமம். நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தில் இரயில்வே பணிமனைகள் கொதிகலன்களை அவ்வப்போது ஆறவைத்து, உட்புறம் கழுவி, சுண்ணத்தைச் சுரண்டிய பின்பே மீண்டும் ஓடவிட்டன. நாமோ ஒரு சிறு கொதிகலனைக் குழந்தை குளிக்கும் அறையில் தலைக்குமேல் மாட்டிவிட்டு ஐந்து ஆண்டுகள் திரும்பிப் பார்ப்பதில்லை.

பிளம்பர் அன்றே கட்டையை எடுத்துவிட்டுப் புதிய வால்வைப் பொருத்தினார். அதன் வாயிலிருந்து ஒரு மெல்லிய குழாயைத் தரையிலுள்ள வடிகால்வரை இறக்கினார். தரையில் பாசியும் இல்லை. தலைமேல் ஆபத்தும் இல்லை. வால்வின் விலை சில நூறு ரூபாய். ஆகவே நம் குடும்பங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம்: இன்று மாலையே உங்கள் கீசரின் அடியைப் பாருங்கள். அடைத்திருந்தால் உடனே மின்சாரத்தை அணைத்துவிட்டு ஆளை அழையுங்கள்.

கீசரின் ஆயுளைக் கூட்ட எளிய வழி ஒன்று உண்டு. சூட்டைக் குறைத்து வையுங்கள். 60 பாகைக்குமேல் போகப்போகச் சுண்ணம் படியும் வேகம் மிகுகிறது. கைபொறுக்காத அளவுக்குக் காய்ச்சி, பின் பச்சைத்தண்ணீரை விளாவிக் குளிப்பதால் யாருக்கும் பயனில்லை. கல்லுக்கு மட்டுமே பயன். மேலும், தொட்டிக்குள் ஒரு மக்னீசியக் கம்பி இருக்கும். அது தான் அரிக்கப்பட்டுத் தொட்டியைத் துருவிலிருந்து காக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை சுண்ணம் அகற்ற மெக்கானிக் வரும்போது இந்தக் கம்பியையும் பார்க்கச் சொல்லவேண்டும். பலர் சொல்வதில்லை; பல மெக்கானிக்குகள் தாமாகப் பார்ப்பதும் இல்லை.

குழாயும் மற்றவையும்

பச்சைத்தண்ணீர் ஓடும் குழாயிலும் கல் படியும், மெதுவாகப் படியும். ஜி.ஐ. குழாயில் துருவும் சேர்ந்துகொள்வதால், சொரசொரப்பான அந்தத் துருவின்மேல் சுண்ணம் எளிதில் பிடித்துக்கொள்கிறது. நமது அறைவீட்டுத் துண்டில் கண்ட பழுப்பு வளையங்கள் துருவே. இப்போதைய பி.வி.சி., சி.பி.வி.சி. குழாய்களில் துரு இல்லை. வழவழப்பான உட்புறத்தில் படிவும் குறைவு. எனவே வீட்டில் பழைய இரும்புக் குழாய் அடைத்தால், அமிலம் ஊற்றிக் காப்பாற்ற முனைவதைவிட மாற்றிவிடுவதே சிக்கனம். ஒரு சிறு நியாயமும் சொல்லிவிடுகிறோம்: உலோகக் குழாயின் உட்புறத்தில் தாளளவு மெல்லிய சுண்ணப் படிவு இருப்பது உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கும். முழுமையான பகைவன் என்று எதையும் சொல்வதற்கில்லை போலும்.

ஷவரின் துளைகளும், குழாய் வாயிலுள்ள சல்லடையும், கழிப்பறைத் தொட்டியின் மிதவை வால்வும் அடிக்கடி மக்கர் செய்வன. சல்லடையைக் கழற்றி இரவு முழுவதும் எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ போட்டுவைத்தால் காலையில் பளிச்சென்று வரும். புளியைக்கொண்டு பித்தளை துலக்கும் நம் தாய்மாருக்கு இதைச் சொல்லித்தரவேண்டியதில்லை. குக்கருக்குள் எலுமிச்சைத் தோலைப் போடும் வழக்கமும் அறிவுடையதே. மின்கெண்டிக்கு, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலத்தை ஒரு கரண்டி நீரில் கலந்து கொதிக்கவைத்து, அரைமணி நேரம் ஆறவிட்டு, நன்றாகக் கழுவினால் போதும்.

துவைப்பு இயந்திரத்தில் நீர் நுழையும் வாயிலுள்ள சிறு வலையை மாதம் ஒருமுறை கழுவவேண்டும். நீரைத் தானே சூடாக்கும் முன்கதவு இயந்திரமாயின் சுருளில் கல் படியும். அதனுடன் வரும் கையேட்டில் சொன்னபடி சுண்ணம் நீக்கும் பொடியைப் பயன்படுத்தலாம். மேல்மூடி இயந்திரங்களில் பல நீரைச் சூடாக்குவதில்லை. அவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

அமிலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கழிப்பறைத் தரையில் கறை போகவேண்டும் என்று கடையில் வாங்கும் ஆசிட்டைத் தாராளமாக ஊற்றுகிறோம். கறை போகிறது, கூடவே ஓடுகளுக்கிடையேயுள்ள சிமெண்டும், குழாயின் வெள்ளி மெருகும் போகின்றன. அது போகட்டும். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் தூவாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும். மூடிய கழிப்பறையில் அது மூச்சை நிறுத்தக்கூடியது. திருவிழாவுக்கு முன்னால் கோயில் வளாகக் கழிப்பறைகளைத் தூய்மை செய்யும் பணியாளருக்கு நாம் இதை ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறோம்.

விற்பனைக்காரரும் மழையும்

இனி, வாசலுக்கு வந்து நிற்கும் விற்பனையாளர். நமது பங்கில் ஒரு விதவைத் தாயார் தோட்டை அடகுவைத்து முன்பணம் கொடுக்கும் நிலைவரை போனார். வந்தவர் இரண்டு தம்ளர்களில் நீர் பிடித்தார். ஒன்றில் அத்தாயாரின் வீட்டுக் குழாய்நீர். மற்றதில் தாம் கொண்டுவந்த சுத்திகரித்த நீர். இரண்டிலும் கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சினார். வீட்டு நீர் நொடியில் செங்கல் கரைத்தாற்போல் ஆயிற்று. “இதைத்தானே அம்மா நீங்க குடிக்கிறீங்க!” என்றாராம். கண்ணாற் கண்டபின் யார்தான் நடுங்கமாட்டார்?

அந்தச் செம்மை நீரிலிருந்து வந்ததன்று. இரும்புக் கம்பியிலிருந்து வந்தது. உப்புகள் கரைந்த நீர் மின்சாரத்தைக் கடத்தும். மின்சாரம் பாய்ந்ததும் இரும்பு கரைந்து துருவாக மிதக்கும். சுத்திகரித்த நீரில் உப்புகள் மிகக் குறைவாதலால் மின்சாரம் பாயவில்லை, துருவும் வரவில்லை. அந்தத் தம்ளரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டுவிட்டு மீண்டும் காட்டச் சொல்லியிருந்தால் வேடிக்கை வெளிப்பட்டிருக்கும். அவர் கையில் வைத்திருந்த பேனா போன்ற கருவியும் கரைந்த உப்புகளின் மொத்தத்தையே காட்டும். கடினத்தன்மை எவ்வளவு, கிருமி உண்டா, புளோரைடு உண்டா என்பதை அது சொல்லாது. அத்தாயாரின் தோடு தப்பியது; உபதேசியாரின் மனைவி தக்க சமயத்தில் உள்ளே வந்ததே காரணம்.

ஆர்.ஓ. இயந்திரம் வேண்டவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உப்பு மிக மிகுந்த ஊரில் குடிப்பதற்கு அது தேவைப்படலாம். ஆனால் அது ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளுவது வழக்கம். கரைந்த பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாயுள்ள நீருக்கு அதைத் தடைசெய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டதை நினைவிற்கொள்ளலாம். தவிர, அது சமையலறைக் குடிநீருக்கானது. கீசரையும் குழாயையும் அது காக்காது.

முழு வீட்டுக்குமான மென்னீராக்கி வேறு. நீரை மென்மையாக்கும் முயற்சி இன்று நேற்றுத் தொடங்கியதன்று. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் வேதியியல் பேராசிரியராயிருந்த தாமஸ் கிளார்க் என்பார், சுண்ணாம்பைச் சேர்த்தே நீரிலுள்ள சுண்ணத்தைப் பிரித்தெடுக்கும் முறைக்கு 1841-இல் காப்புரிமை பெற்றார். முள்ளை முள்ளால் எடுத்த கதை! இன்றைய வீட்டுக் கருவிகளில் இருப்பது பிசின் மணிகள். அவை கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்கீடாகச் சோடியத்தை நீருக்குக் கொடுக்கின்றன. மணிகள் நிறைந்ததும் சமையல் உப்புக் கரைசலால் கழுவி மீண்டும் ஆயத்தப்படுத்தவேண்டும். கருவிகளுக்கு இது உண்மையாகவே நன்மை தரும். ஆனால் இருமுறை சிந்தித்தே வாங்கவேண்டும். லிட்டருக்கு 600 மில்லிகிராம் கடினத்தன்மையை இவ்வாறு அகற்றினால் ஏறத்தாழ 275 மில்லிகிராம் சோடியம் ஏறுகிறது. அந்நீரை நாளுக்கு மூன்று லிட்டர் குடிப்பவர் இரண்டு கிராமுக்கு மேற்பட்ட உப்பைத் தெரியாமலே உட்கொள்கிறார். இரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு இது ஆகாது. எனவே குடிக்கவும் சமைக்கவும் தனிக்குழாய் வேண்டும். தென்னைக்கும் பூஞ்செடிக்கும் அந்நீரை ஊற்றினால் மண் இறுகும். எல்லாவற்றுக்கும் மேலாக, கழுவிய உப்புநீரைக் கொல்லையில் விட்டால் அது எங்கே போகும்? பக்கத்து வீட்டுக்காரர் கிணற்றுக்குத்தான். நம் வீட்டுக் குழாயைக் காப்பாற்ற அவர் வீட்டுக் கிணற்றைக் கெடுப்பதற்கு நமக்கு என்ன உரிமை?

குழாய்மேல் காந்தத்தை மாட்டினால் கல் படியாது என்பாரும் உளர். ஆய்வுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை; நீரின் கடினத்தன்மையை அது அகற்றுவதும் இல்லை. காசு இருப்பவர்கள் பரிசோதித்துப் பார்க்கட்டும். தேற்றாங்கொட்டையைக் குடத்தில் உரைக்கும் பழைய வழக்கம் கலங்கலைத் தெளிவிக்க நல்லது. கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிட்ட சுண்ணத்துக்கு அதை நம்பியிருக்கவேண்டாம்.

இந்த நீரைக் குடித்தால் சிறுநீரகத்தில் கல் உண்டாகுமா என்று கேட்காத வீடில்லை. குழாயில் கல் வளருவதைக் கண்டவர்க்கு இந்த அச்சம் எழுவது இயற்கையே. ஆனால் உடல் ஒரு கீசர் அன்று. கடின நீர் உடலுக்குத் தீங்கு விளைக்கிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. வெயிலில் உழைப்பவர் போதிய நீர் குடிக்காதிருப்பதே கல் உண்டாக முதன்மையான காரணங்களுள் ஒன்று. தண்ணீர் சரியில்லை என்று பயந்து குறைவாகக் குடிப்பவர், எதற்கு அஞ்சினாரோ அதையே வரவழைத்துக்கொள்கிறார். ஏற்கெனவே கல் உள்ளவர்கள் மருத்துவர் சொற்படி நடக்கட்டும்.

எல்லாம் சொல்லி, மலிவான மென்னீரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஆகாது. தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டு முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நம்மில் பலர் அன்று சட்டத்துக்காக ஒரு குழாயைப் பதித்ததோடு சரி. 50 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் விழுகிறது. நிலத்துக்குள் விடுவது நல்லதே. ஒரு பங்கையேனும் மூடிய தொட்டியில் பிடித்துவைத்தால், கீசருக்கும் துவைப்பதற்கும் பருப்பு வேகவைக்கவும் அதைவிடச் சிறந்த நீர் இல்லை. முதல் மழையை மாடியைக் கழுவிப் போகவிடவேண்டும். தொட்டியின் வாயில் கொசு புகாத வலை வேண்டும். குடிப்பதாயின் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும். புதிதாகக் கட்டிய சிமெண்ட் தொட்டியின் சுவரிலிருந்து தொடக்கத்தில் சிறிது சுண்ணம் கரையும். ஓரிரு முறை நிரப்பி வடித்துவிட்டால் குறையும்.

நமது அறைவீட்டில் ஐப்பசிக்கு முன் அத்தகைய தொட்டி ஒன்று கட்டி முடித்தோம். கொத்தனார் வேலையை இளைஞர்கள் பகிர்ந்துகொண்டார்கள். முதல் நல்ல மழைக்குப் பின் மேற்சொன்ன விதவைத் தாயார் ஒரு குடம் கேட்டு வாங்கிப் போனார். மறுநாள் திருப்பலி முடிந்ததும் சாமியறை வாசலில் காத்திருந்தார். “சாமி, துவரம்பருப்பு நாலே விசில்ல கரைஞ்சுபோச்சு” என்று சொல்லிவிட்டு, இன்னொரு குடத்தை நீட்டினார்.